இருநூற்றுப் பன்னிரண்டு அடி

சம்பந்தியம்மாளுக்கு நாற்பதாயிரம் பாக்கி. வேனுக்கு எஞ்சின் மாற்ற இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கியது ஒரு லட்சத்து இருபதாயிரம். சிறுகச் சிறுக எண்பது அடைந்துவிட்டது. மிச்சம் நாற்பதுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பாங்கில் வாங்கின கடன் என்றால் மனுஷன் தூங்கலாம். வட்டிக்காரனிடம் வாங்கியிருந்தால் வாசலில் வந்து நாலு வார்த்தை கத்திவிட்டுப் போவான், அதோடு சரி. பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நீட்டி வாங்கின கடன் அப்படியில்லை. அது வட்டி கேட்காது, சத்தம் போடாது. நாம் போனால் நாற்காலி எடுத்துப் போடும், டீ கொடுக்கும். அந்த டீதான் தொண்டையில் இறங்காது.

கடன் வாங்கினவரை ஊரில் 'சரித்திரம்' என்று கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிறது. படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வைக்க அப்பாவிடம் வழியில்லை, படிக்க இவரிடம் பொறுமையில்லை. பன்னிரண்டு வயதில் பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினார். பதினாறில் லாரி கிளீனர், இருபதில் டிரைவர், இருபத்தொன்பதில் சொந்த வேன். யார் சிபாரிசும் கிடையாது, யார் காலிலும் விழுந்தது கிடையாது. வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான் தொழில். முப்பத்துநான்கு வருஷமாக அவர் வேனில் ஒரு கீறல் விழுந்ததில்லை. பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று பின்னால் வந்து இடித்ததே என்று கேட்டால், அது பஸ்ஸின் கணக்கு, என் கணக்கில் வராது என்பார்.

வண்டி ஓட்டத் தெரிந்தவன் ஊருக்கு ஆயிரம் பேர். வாயையும் சேர்த்து ஓட்டத் தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மேட்டைக் காட்டி அவர் சொல்ல ஆரம்பித்தால், பின்சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து ஜன்னல் பக்கம் நகர்வான். எம்.ஏ. படித்தவர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்கு இது போதாதா?

இப்படிப்பட்டவர் சம்பந்தி வீட்டில் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், இரண்டு வருஷமாக. "போன வாரம் ஒரு ஜட்ஜை ஏத்திட்டுப் போனேன்" என்று ஆரம்பிக்க நாக்கு துடிக்கும். கடன்காரனுக்குப் பெருமை எதற்கு என்று யாராவது நினைத்துவிட்டால்? டீயைப் பாதி குடித்துவிட்டு, "வரேங்க" என்று எழுந்து வந்துவிடுவார்.

மாசக் கடைசிக்குள் தந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். மருமகன் இரண்டாவது கடை திறக்கப் போகிறான். ஆணி, பூட்டு, பெயின்ட் எல்லாம் விற்கிற கடை. மகளிடம் போனில் மெதுவாக விசாரித்தார்.

"உங்க அத்தை ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"ஒண்ணும் சொல்லலப்பா. அதான் பயமா இருக்கு."

அந்தச் சமயத்தில்தான் ஆண்டவனாகப் பார்த்து சர்வேயர்களை அனுப்பினான்.

நிலம் அளக்கிறவர்களுடைய வட்டார மாநாடு. மூன்று நாள், முன்னூறு பேர். நடுநாளில் ஊர் சுற்றிக் காட்ட சரித்திரம் மூலமாக இருபது வேன் பேசியிருந்தார்கள். முதல் வேன் சரித்திரத்துடையது. அதில் பதினாறு பேர், எல்லாம் மூத்த தலைகள். மாநாட்டுச் செயலாளர் சட்டைப் பையில் நாலு பேனா வைத்திருக்கிற ஆள். ஒரு மாசத்துக்கு முன்னாலேயே போன் செய்து, "மாநாட்டுக்கு வர்றவங்க பாக்க வேண்டிய இடம்னு ஒரு தாள் அடிக்கிறோம். விவரம் சொல்லுங்க" என்று கேட்டு எழுதிக்கொண்டார். லைட் ஹவுஸ், குகை, மியூசியம், அணைக்கட்டு, மலைமேல் பூங்கா என்று ஐந்து இடம்.

"போன வருஷம் ஒருத்தன் ரெண்டு இடத்தைக் காட்டிட்டு அஞ்சு இடத்துக்குக் காசு வாங்கிட்டுப் போயிட்டான்" என்றார் செயலாளர். "அதனால முதல்லயே சொல்லிடறேன். அஞ்சு இடமும் பாக்கணும். அஞ்சரைக்குள்ள மண்டபத்துக்கு வந்துடணும், குரூப் போட்டோ இருக்கு. வந்தவங்க கருத்துத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம்தான் உங்க வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்துப் பாக்கி நாற்பத்தஞ்சாயிரம்."

"என்கிட்டயா சார் சொல்றீங்க? எனக்கு அடுத்த ஜென்மத்துக்கும் சேர்த்து இந்த ஊர் மனப்பாடம்."

முன்பணம் டயருக்கும் டீசலுக்கும் போய்விட்டது. அந்த நாற்பத்தைந்தில் நாற்பதைச் சம்பந்தியம்மாள் கையில் வைத்துவிட்டால் முள் பிடுங்கினது போல. அதைத்தான் நினைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு வண்டியை எடுத்தார்.

முதல் இடம் லைட் ஹவுஸ். கருங்கல்லில் கட்டினது, இப்போது விளக்கு எரிவதில்லை. வண்டியை நிறுத்தி, எல்லாரையும் நிழலில் நிற்க வைத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"நல்லாப் பாத்துக்கங்க. இருநூத்திப் பன்னிரண்டு அடி. ஒரு அங்குலம் கூடக் கிடையாது, ஒரு அங்குலம் குறையக் கிடையாது. கட்டினவன் படிக்காதவன். இன்னிக்கு எத்தனை இன்ஜினியர் வந்தாலும் இதை மாதிரிக் கட்ட முடியாது."

மற்ற கூட்டமாக இருந்தால் "அப்பாடி" என்று அண்ணாந்து பார்க்கும், போட்டோ எடுக்கும், இளநீர் குடிக்கும், கிளம்பும். முக்கால் மணி நேரம்தான். இந்தப் பதினாறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"இருநூத்திப் பன்னிரண்டா?" என்றார் ஒரு பருமனான சர்வேயர். "கண்ணுக்கு அவ்வளவு தெரியலையே."

"உங்களுக்கு மதியச் சாப்பாடு தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது" என்றார் மூக்குக்கண்ணாடி போட்ட அம்மா. இருபது வருஷம் பாதி மலை, பாதி காடு என்று அளந்தவர் அவர். "போர்டுலயே போட்டிருக்கு பாருங்க."

கதவுக்குப் பக்கத்தில் நீல போர்டில் வெள்ளை எழுத்தில் 'உயரம் 212 அடி' என்று இருந்தது. மாநாட்டுத் தாளிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது.

அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு மெலிந்த மனிதர். ஓட்டல் அறையில் விட்டுவிட்டு வர மனசில்லாமல் தன் அளவுக் கருவியைப் பெட்டியோடு வேனில் ஏற்றியிருந்தார். மறுநாள் காலை மாநாட்டில் அவர் கட்டுரை படிக்க வேண்டும். மூன்று வருஷமாக ஒரு மலைச்சரிவு வருஷத்துக்கு எவ்வளவு நகர்கிறது என்று அந்தக் கருவியால்தான் அளந்திருந்தார். "சும்மா ஒரு தடவை பாத்துடலாமே" என்று கருவியை நிறுத்துகிற முக்காலியைப் பிரித்தார்.

சரித்திரம் சிரித்துக்கொண்டே பார்த்தார். குழந்தைகளுக்குப் பட்டம், இவர்களுக்கு முக்காலி.

தலைவர் கண்ணை வைத்தார், பொத்தானை அமுக்கினார், நிமிர்ந்தார். "நூத்தி எண்பத்தேழு."

முக்காலியைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தார். நூற்றெண்பத்தேழு. மூன்றாவது இடம். அதே நூற்றெண்பத்தேழு.

"மூணு தடவையும் ஒண்ணுதானே வருது. அப்போ கருவி சரிதான்" என்றார் பருமனானவர்.

"ஆளுக்கு ஆள் மாத்திப் பேசற பொய்யன் ஆபத்தில்ல" என்றார் தலைவர். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "எப்பவும் ஒரே பொய்யைச் சொல்றவன்தான் ஆபத்து. கருவியும் அப்படித்தான். இருபத்தஞ்சு அடி இடிக்குது. மூணு வருஷமா இதை வச்சுத்தான் மலையை அளந்திருக்கேன்."

இங்கேதான் அந்தப் பதினாறு பேரும் ஒரு தப்புப் பண்ணினார்கள். வேறு யாராக இருந்தாலும், டிரைவர் ஏதோ உளறுகிறான் என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர்களுடைய தொழிலில் அப்படிப் போக முடியாது. ஒரு எண் மூன்று இடத்தில் ஒரே மாதிரி எழுதியிருந்தால், அதற்கு அடியில் எங்கோ ஒரு பழைய பதிவேடு இருக்கிறது என்று அர்த்தம். டிரைவர் சொல்கிறார், போர்டு சொல்கிறது, அச்சடித்த தாள் சொல்கிறது. எண்ணைச் சந்தேகிக்க அவர்களுக்கு மனசே வரவில்லை. மற்றதையெல்லாம் சந்தேகித்தார்கள்.

கண்ணாடி அம்மா கதவைப் போய்ப் பார்த்தார். குனிந்துதான் நுழைய வேண்டும். "இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இவ்வளவு குட்டிக் கதவு எதுக்கு?" என்றார். "அடிப்பக்கம் மண்ணுல புதைஞ்சிருக்கு. இருபத்தஞ்சு அடி பூமிக்குள்ள இருக்கு."

பாதிப் பேர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். மீதிப் பேர் கருவியைத்தான் குறை சொன்னார்கள். மேலே ஏறி டேப்பை இறக்கிப் பார்க்கலாம் என்றால், வாட்ச்மேன் எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்றார். ஒருத்தர் அதற்காக ஆபீஸுக்குப் போன் போட்டார். இன்னொருத்தர் குச்சியால் சுவரோரம் மண்ணைக் கிளறினார்.

மணி பதினொன்று.

"சார், போற வழியில பேசிக்கலாமே. குகை ரொம்ப அருமையா இருக்கும்" என்றார் சரித்திரம்.

யார் காதிலும் விழவில்லை.

"மியூசியம் மூணு மணிக்கு மூடிடுவாங்க மேடம்."

"இருங்கய்யா, இங்க ஒரு மியூசியமே புதைஞ்சிருக்கு."

மணி பதினொன்றரை. இன்னும் நாலு இடம் பாக்கி. இப்படியே போனால் ஒரே இடத்தோடு பொழுது போய்விடும். ஐந்தில் ஒன்று பார்த்ததற்குச் செயலாளர் என்ன தருவார்? நாலு பேனாவையும் எடுத்துக் கழிக்கத்தான் செய்வார். சமாளிக்கிற வாய் ஆயிற்றே என்று சரித்திரம் ஒரு போடு போட்டார்.

"சார், அந்தக் காலத்து அடி வேற, இந்தக் காலத்து அடி வேற. பழைய அடி கொஞ்சம் சின்னது."

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினது போலாயிற்று. பதினாறு தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"பழைய அடியா?" கண்ணாடி அம்மா அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். "அப்போ ஒரு அடிக்குப் பத்தரை அங்குலம், கொஞ்சம் கூட. இப்படி ஒரு அளவு இருந்ததா எங்கயும் பதிவாகலையே. ஐயா, இதை உங்களுக்குச் சொன்னது யாரு?"

"பெரியவங்க" என்றார் சரித்திரம். வாய் தானாகச் சொல்லியது.

"நாளைக்குக் காலையில என் கட்டுரைக்குப் பதிலா இதை வச்சுடலாம்" என்றார் தலைவர். குரலில் உயிரே இல்லை. "என் கருவியை நம்பி நான் மேடை ஏற முடியாது. இந்த ஐயா பேரையும் போட்டு, தகவல் தந்தவர்னு எழுதிடுவோம். மத்த இடமெல்லாம் வேணாம். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருப்போம்."

ஆக, சொன்ன பொய் அச்சில் ஏறப் போகிறது, அதுவும் இவர் பெயரோடு. அந்த ஆள் மூன்று வருஷம் மலை ஏறி இறங்கின உழைப்பு குப்பைக்குப் போகப் போகிறது. நாற்பதாயிரம் கண் முன்னால் காற்றில் பறக்கிறது. வேனின் பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். வாயால் கட்டின வீடு வாயால்தான் இடிய வேண்டும் போலிருக்கிறது. முப்பத்துநான்கு வருஷத்தில் யாரிடமும் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு, மூட்டை தூக்கின காலத்தில் வேண்டியிருந்த பலத்தைவிட அதிகமாக வேண்டியிருந்தது.

"ஐயா, அந்த நம்பர் என்னோடது" என்றார்.

"உங்களோடதுன்னா?"

"நான் போட்டது. வேன் வாங்கின புதுசுல ஒரு குடும்பத்தை இங்க கூட்டிட்டு வந்தேன். அந்த வீட்டம்மா எத்தனை அடி உயரம்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சொன்னா மதிப்பாங்களா? எதிர்ல என் வேன் நின்னுச்சு. நம்பர் பிளேட்ல இருநூத்திப் பன்னிரண்டு. சொல்லிட்டேன்."

"அந்த போர்டு?"

"எழுத வந்த பெயின்டர் என் கூட்டாளி. எத்தனை அடின்னு என்கிட்டத்தான் கேட்டான்."

"மாநாட்டுத் தாள்?"

"செயலாளர் சார் போன்ல கேட்டாரு."

"பழைய அடி?" என்றார் கண்ணாடி அம்மா.

"அது இப்ப, கால் மணி நேரத்துக்கு முன்னால."

திட்டப் போகிறார்கள், செயலாளருக்குப் போன் போடப் போகிறார்கள் என்று சரித்திரம் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தலைவர் மெதுவாக நடந்து வந்து லைட் ஹவுஸ் படியில் உட்கார்ந்தார்.

"நிஜமாவா? நீங்களே போட்டதா?"

"என் பொண்ணு மேல சத்தியம் சார்."

"இத்தனை வருஷத்துல யாருமே அளந்து பாக்கலையா?"

"எத்தனை அடின்னு கேட்டவங்க ஆயிரக்கணக்குல இருப்பாங்க சார். அளந்தவங்க நீங்க மட்டும்தான்."

தலைவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று சரித்திரம் பயந்துவிட்டார். கையை எடுத்தபோது அந்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. "ரெண்டு மணி நேரமா செத்துப் பொழைச்சேன்யா" என்றார். "என் கருவி சரியா இருக்கு. என் மலை சரியா இருக்கு. உங்க வாய் மட்டும்தான் சரியில்ல. அது போதும் எனக்கு."

பருமனானவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்ணைக் கிளறினவர் குச்சியைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டினார். சரித்திரத்துக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. முப்பத்துநான்கு வருஷமாகத் தலையில் ஒரு மூட்டை இருந்திருக்கிறது. இறக்கின பிறகுதான் கனம் தெரிந்தது.

"ஏறுங்க, ஏறுங்க. நாலு இடம் இருக்கு" என்றார்.

அன்றைக்கு அவர் ஓட்டின ஓட்டம்தான் ஓட்டம்! குறுக்குச் சந்தெல்லாம் புகுந்து, ஒரு குலுங்கல் இல்லாமல், ஒரு ஹாரன் வீணில்லாமல். வாயில் பொய் இல்லாவிட்டால் என்ன, கையில் தொழில் இருக்கிறதே. மியூசியத்துக்கு இரண்டு மணிக்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

அதற்கு முன்னால் குகைக்குப் போகும் வழியில் கண்ணாடி அம்மா முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். "வேற என்னென்ன இருக்கு? இப்பவே சொல்லிடுங்க."

"குகைல ஏழு வருஷம் ராஜா ஒளிஞ்சிருந்தாருன்னு சொல்வேன் மேடம்."

"ராஜாவும் பொய்யா?"

"ராஜா நிஜம். ஒளிச்சு வச்சது நான்."

அணைக்கட்டில் பருமனானவர், "ஐயா, இது எவ்வளவு நீளம்? இப்ப இருக்கற வேன் நம்பர் என்ன?" என்று கேட்டார். வேன் முழுக்கச் சிரித்தது. "தெரியாது சார்" என்றார் சரித்திரம். அந்த வார்த்தை இரண்டாம் தடவை சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "நீங்கதான் அளக்கறவங்க. அளந்து சொல்லுங்க, நாளையிலேருந்து அதைச் சொல்றேன்." பத்து நிமிஷத்தில் அளந்து சொல்லிவிட்டார்கள். மலைமேல் பூங்காவில் யாரும் முக்காலியைப் பிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காற்று வாங்கினார்கள்.

ஐந்து இருபதுக்கு வண்டி மண்டபத்து வாசலில் நின்றது. செயலாளர் கருத்துத் தாளை நீட்டினார். தலைவர் வாங்கி எழுதினார். சரித்திரத்துக்கு எட்டிப் பார்க்க ஆசை, பார்த்தால் படிக்க நேரமாகும். அளக்கிறவர்கள் பொய் எழுதமாட்டார்கள் என்று மட்டும் தெரியும். நிஜத்தை எழுதினால் என்ன ஆகுமோ?

செயலாளர் சத்தமாகப் படித்தார். "ஐந்து இடமும் பார்த்தோம். ஓட்டுநர் சொன்ன தகவலில் பிழை இருந்தது. தாமே ஒப்புக்கொண்டு திருத்தினார். அடுத்த மாநாட்டிலும் இவரே வேண்டும்." நிமிர்ந்தார். "பிழையா? என்ன பிழை?"

சொன்னார்கள். செயலாளரின் முகம் கோணலாகிக்கொண்டே போயிற்று. "முன்னூறு தாள் அடிச்சுக் கொடுத்திருக்கேனே. அதுவும் அளக்கறவங்களுக்கு. மானம் போச்சே."

"முன்னூறு துண்டுச் சீட்டு அடிச்சு மேல ஒட்டிடுங்க" என்றார் தலைவர். "நூத்தி எண்பத்தேழு. என் கருவி பொறுப்பு."

செயலாளர் ஒரு பேனாவை எடுத்தார். "சீட்டு அடிக்கிற செலவு ரெண்டாயிரம். அதைக் கழிச்சுக்குவேன்."

வேறொரு நாளாக இருந்தால் சரித்திரம் அந்த இரண்டாயிரத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். "கழிச்சுக்கங்க சார்" என்றார். நாற்பத்துமூன்றாயிரம் கவரில் வந்தது. அதை உள்பாக்கெட்டில் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்னாலேயே சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றார். மகள்தான் கதவைத் திறந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், "அத்தை, அப்பா வந்திருக்காங்க" என்றாள்.

சம்பந்தியம்மாள் சாவிக்கொத்தோடு வந்தார். புருஷன் போன பிறகு பதினைந்து வருஷமாகத் தனியாளாகக் கடை நடத்துகிறவர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

"உக்காருங்க சம்பந்தி. டீ போடச் சொல்றேன்."

"டீ இருக்கட்டும்மா. கையை நீட்டுங்க முதல்ல."

"இப்ப என்ன அவசரம்? நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கலம்மா. அதான் அவசரம்."

சம்பந்தியம்மாளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. சாவிக்கொத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை விரித்தார். மருமகன் உள்ளேயிருந்து வந்து தூணோரம் நின்றான். சமையலறை வாசலில் மகள் நின்றாள். சரித்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த வீட்டில் இரண்டு வருஷமாக அடங்கிக் கிடந்த குரல், தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி எழும்பியது. ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்துக்கொண்டே எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நடுவில் நிறுத்தவும் இல்லை, ஒரு கதையும் சொல்லவில்லை. எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது, எண்பது.